தனி ஆவர்த்தனத்தில் எங்களை வெளியே அனுப்பாதீர்கள்

சென்னை சபாக்களின் செயலாளர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். 1998 மார்கழியிலிருந்து உங்கள் அரங்குகளில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்ச காலம் பத்திரிகைக்காக, கொஞ்ச காலம் கலைஞர்கள் கேட்டதற்காக, பல வருடம் யாரும் கேட்காமலே. உங்களில் பலருக்கு என் பெயர் தெரிந்திருக்காது. இடது பக்கக் கதவை ஒட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பவன் என்றால் முகம் நினைவுக்கு வரலாம்.

போன மார்கழி இசை சீசனில் ஒரு சபாவின் வாசலில் ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். புகைப்படக்காரர்களுக்கு முதல் மூன்று உருப்படி, அதாவது மூன்று பாட்டு, வரைதான் அனுமதி, அதற்குப் பிறகு அரங்கை விட்டு வெளியேற வேண்டும் என்று அதில் இருந்தது. இந்த வருடம் இன்னும் சில இடங்களில் அதே விதி வரப்போகிறது என்று காதில் விழுந்தது. அதனால்தான் இந்த மடல்.

அந்த விதி நம் ஊரில் பிறந்தது இல்லை. வெளிநாட்டு ராக் கச்சேரிகளில் முதல் மூன்று பாட்டுக்கு மட்டும், ஃப்ளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம் என்பது ரொம்ப நாளாக உள்ள வழக்கம். அங்கே அது ஓரளவு பொருந்தும். பாடகர் முதல் பாட்டிலேயே முழு வேகத்தில் மேடைக்கு வருவார், உடை கலைந்திருக்காது, முகம் வியர்த்திருக்காது. நம் கச்சேரி அப்படியா நடக்கிறது?

கச்சேரியின் தொடக்கத்தில் வர்ணம் பாடும்போது வித்வான் என்ன செய்கிறார் என்று ஒருநாள் மேடையோரம் நின்று பாருங்கள். ஒரு கை தாளம் போடும். இன்னொரு கை மைக்காரரைப் பார்த்து மேலே, கீழே என்று காட்டிக்கொண்டே இருக்கும். மானிட்டரில் தம்புரா கேட்காது, வயலின் தூக்கலாக இருக்கும். மிருதங்கக்காரர் ஒரு கையால் வாசித்தபடியே கல்லால் தட்டிச் சுருதியைச் சரி பார்ப்பார். குரல் இன்னும் திறந்திருக்காது. என்னிடம் உள்ள முதல் மூன்று உருப்படிப் படங்களில் பாதிக்கு மேல் இதுதான்: கட்டைவிரல் மேலே, கண் அரங்கின் கடைசியில் மிக்ஸர் வைத்திருக்கும் மேசையில்.

முகம் மாறுவது ஆலாபனையில், பாட்டுக்கு முன் சொல் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடும்போது. அதுவும் முதலில் வரும் சின்ன ஆலாபனையில் இல்லை, மெயினுக்காக, அதாவது அன்றைய பெரிய பாட்டுக்காக, எடுத்துக்கொள்ளும் ராகத்தில். ஒரு மூத்த விதுஷி கிரீன் ரூமில் என்னைக் கூப்பிட்டு, "பாடறப்போ எனக்கு வாய் கோணிக்கும்பா, அந்த மாதிரிப் படத்தைப் போட்டுடாதே" என்று கேட்டுக்கொண்டார். சரி என்றேன். அன்று அவர் தோடி பாடினார். மேல் ஸ்தாயியில் காந்தார ஸ்வரத்தைப் பிடித்து அசைக்கும்போது முகம் முழுக்கச் சுருங்கி, ஒரு கண் மூடி, தலை சாய்ந்துவிட்டது. எடுத்தேன். வாக்குக் கொடுத்திருந்ததால் எங்கேயும் வெளியிடவில்லை. மூன்று வருடம் கழித்து அவர் வீட்டுக்கு வேறு படங்களைக் கொடுக்கப் போனபோது, அதையும் ஒரு பிரதி போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வெகுநேரம் பார்த்தார். "இது எங்க குருவோட முகம்பா. அந்த காந்தாரத்துல அவர் இப்படித்தான் சுளிப்பார்" என்றார். குருவின் மகளுக்குக் கொடுக்க இன்னொரு பிரதி கேட்டார். பாட்டு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு வரும்போது முகமும் சேர்ந்து வருகிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மணி அப்போது எட்டே கால், கச்சேரி ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. புது விதிப்படி நான் அந்த நேரத்தில் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருப்பேன்.

அப்புறம் தனி ஆவர்த்தனம், தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் பகுதி. பாதி அரங்கு எழுந்து கேன்டீன் பக்கம் போகிற நேரம் அது. ஒரு படக்காரனுக்கு அதைவிட நல்ல நேரம் கச்சேரியில் வேறு இல்லை. அதுவரை பாடிக்கொண்டிருந்தவர் ரசிகராக மாறி, தாளம் போட்டுக்கொண்டு சின்னக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டிருப்பார். கஞ்சிராக்காரர் தோலில் விரலால் தண்ணீர் தொட்டுத் தடவுவார். கடக்காரர் பானையின் வாயை வயிற்றோடு அழுத்தி எடுக்கும்போது உள்ளிருந்து வரும் நாதம் அவர் முகத்திலும் தெரியும். முடிவாக வாசிக்கும் கோர்வை வந்து, தாளம் தொடங்கும் இடமான சமத்தில் விழும் அந்த ஒரு நொடியில் மேடையில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே சமயத்தில் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை எந்தக் கலைஞரிடமும் கேட்டு வாங்க முடியாது.

இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு காலையில் ஓர் இளைஞர் போன் செய்தார். அவர் அப்பா முப்பது வருடத்துக்கு மேல் பக்கவாத்தியமாக மிருதங்கம் வாசித்தவர். முதல் நாள் இரவு காலமாகிவிட்டார். "பேப்பருக்கு ஒரு படம் வேணும் சார். அப்புறம் வீட்டுல மாட்ட பெரிசா ஒண்ணு. நீங்க அப்பாவை நிறைய எடுத்திருப்பீங்களே" என்றார். எடுத்திருக்கிறேன் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் வாசித்த கச்சேரிகளில் நாற்பதுக்காவது போயிருப்பேன். பெட்டியைத் திறந்து தேடினேன். ஒரு படத்தில் தோள் மட்டும். ஒன்றில் மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை மேல் கை மட்டும். ஒன்றில் பாடகர் தெளிவாக இருக்க, பின்னால் அவர் முகம் மங்கலாக. பலவற்றில் மைக் ஸ்டாண்டு சரியாக மூக்கின் மேல். பத்திரிகைக்குப் பாடகர் படம் போதும். ஆகவே நானும் பாடகரைத்தான் பார்த்திருக்கிறேன்.

மதியம் வரை தேடி ஒன்றே ஒன்று கிடைத்தது. 2003ஆம் வருட நெகட்டிவ். கறுப்பு வெள்ளை ரோலில் 36ஆவது ஃப்ரேம். அன்று பாடகரை எடுத்து முடித்துவிட்டு, ரோலைத் தீர்த்து லேபுக்குக் கொடுத்துவிடலாம் என்று தனியின்போது கடைசியாக ஒன்று அழுத்தியிருக்கிறேன். வலது கை வலந்தலைக்கு ஒரு சாண் மேலே நிற்கிறது. கண் பாதி மூடியிருக்கிறது. பின்னால் கஞ்சிராக்காரர் தலையை ஆட்டுகிறார். அந்தப் படம்தான் பேப்பரில் வந்தது. இப்போது அவர்கள் கூடத்திலும் மாட்டியிருக்கிறது. முப்பது வருட வாசிப்புக்கு என்னிடம் ஒரு படம், அதுவும் மிச்சமிருந்த ஃபிலிமில். அந்தக் குடும்பத்திடம் நான் இதைச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். எங்களில் சிலர் ஆலாபனை நடுவில் மேடைக்கு முன்னால் குறுக்கே நடந்திருக்கிறோம். ஃப்ளாஷ் அடித்திருக்கிறோம். பழைய எஸ்.எல்.ஆர். கேமராவில் ஒவ்வொரு தடவையும் உள்ளே கண்ணாடி எழும்பி விழும், அமைதியான அரங்கில் அது கல் விழுவதுபோலக் கேட்கும். ஒருமுறை ஒரு வித்வான் கச்சேரி முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "ஒண்ணு எடுத்தா பரவாயில்லை, பதினஞ்சு எடுத்தா எனக்கு வேற தாளமா கேக்கறது" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அன்றிலிருந்து ஆலாபனையில் மூச்சு வாங்கும் இடம் தெரிந்து, அதில் மட்டும்தான் அழுத்துவேன். இப்போது மிரர்லெஸ் கேமராக்களில் சத்தமே இல்லாத ஷட்டர் வந்துவிட்டது. ஒரே சிக்கல், சில அரங்குகளின் எல்.இ.டி. விளக்குகளில் அந்த ஷட்டரைப் போட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது. கச்சேரிக்கு முன் ஐந்து நிமிடம் விளக்கைப் போட்டுக் காட்டினால் போதும், எந்த வேகத்தில் கோடு விழாது என்று பார்த்துக்கொள்வோம். சத்தமில்லாத கேமரா, நிற்க ஒரு இடம், நகரக் கூடாது, ஃப்ளாஷ் கூடாது. இப்படி ஒரு விதி போடுங்கள், முதல் ஆளாக நான் கையெழுத்துப் போடுகிறேன். மீறினால் அடுத்த வருடம் உள்ளே விடாதீர்கள்.

ஆனால் விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். சினிமா நட்சத்திரம் ஒருவர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தால், பல்லவி நடந்துகொண்டிருக்கும்போதே எங்களை முன்னால் கூப்பிட்டு அவரை எடுக்கச் சொல்லும் சபாக்களை நான் பார்த்திருக்கிறேன். அப்போது யாருக்கும் மூன்று உருப்படிக் கணக்கு நினைவுக்கு வருவதில்லை. நல்ல வேளையாக நட்சத்திரங்கள் எல்லாரும் அப்படி நினைப்பதில்லை. ஒரு நடிகர் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். கேமராவைத் தூக்கிய என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "முடிஞ்சதும் எவ்வளவு வேணும்னாலும் எடுங்க, இப்ப அவங்க பாடறாங்க" என்றார் மெதுவாக. மங்களம் முடியும் வரை அசையாமல் இருந்தார். வெளியே வந்து நின்று, சொன்னபடி பத்து நிமிடம் எங்களுக்குக் கொடுத்தார். அந்த மரியாதை மேடைக்கு உரியது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ரசிகர்கள் உயர்த்திப் பிடிக்கும் போன் திரைகளின் வெளிச்சத்தைப் பற்றியும் கொஞ்சம் யோசியுங்கள். எங்களை அனுப்பிவிட்டால் அது நிற்கப்போவதில்லை.

மேடை அமைப்பில் இரண்டு சின்ன விஷயம். மைக் ஸ்டாண்டை நாலு விரற்கடை தாழ்த்திச் சாய்த்து வைத்தால் ஒலி கெடாது, முகம் மறையாது. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் மைக்கே வேண்டாம் என்று நின்றவர். நாங்கள் அந்த அளவுக்குக் கேட்கவில்லை. பின்திரையில் விளம்பரதாரர் பெயரைப் பக்கவாட்டில் போடுங்கள். கலைஞரின் தலைக்குப் பின்னால் கடன் வட்டி விகிதம் தெரிகிற படத்தை ஐம்பது வருடம் கழித்துப் பார்ப்பவர் என்ன நினைப்பார்?

பெயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விழா மலரிலும் முகநூலிலும் எங்கள் படங்களைப் போடுகிறீர்கள், சந்தோஷம். கீழே எடுத்தவர் பெயர் இருப்பது அபூர்வம். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர். காசு கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பதிப்புரிமை எடுக்கச் சொன்னவருக்கு. அதில் எனக்குச் சண்டை இல்லை. உரிமை கைமாறிய பிறகும் இதை எடுத்தது நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57ஆம் பிரிவு எடுத்தவரிடமே விட்டுவைத்திருக்கிறது. எங்கள் பெயரோடு நின்றுவிடாமல் கடம், கஞ்சிரா, மோர்சிங் வாசித்தவர் பெயரையும், பின்னால் இரண்டரை மணி நேரம் அசையாமல் தம்புரா மீட்டிய பிள்ளையின் பெயரையும் போடுங்கள். அந்தப் பிள்ளையைப் படத்திலிருந்து வெட்டிவிடுவது எல்லாரும் செய்கிற காரியம், நானும் செய்திருக்கிறேன், இனி செய்ய மாட்டேன். தொடக்க விழாவன்று நாகஸ்வரம் வாசிக்கும்போது எதிரே பத்துப் பேர்கூட இருப்பதில்லை, படக்காரர் ஒருவரும் இல்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லுங்கள், வருகிறேன்.

1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக அடுத்த வருடம் மியூசிக் அகாடமி பிறந்தது. அந்தக் காலத்துப் படங்களாக நான் பார்த்தவற்றில் வித்வான்கள் பெரும்பாலும் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்து கேமராவைப் பார்க்கிறார்கள். அன்றைய ஃபிலிமுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும், ஆள் அசையக் கூடாது. மங்கலான அரங்கில் பாடுகிறவரை எடுப்பது ரொம்பக் கஷ்டம். வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். அப்படி ஒரு மாலையின் படம் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. அவர்களுக்குச் சுலபமான வழி இல்லை. நமக்கு வழி இருக்கிறது. மேடை விளக்கு ஒன்றை வைத்துக்கொண்டே விரலின் அசைவை நிறுத்திப் பிடிக்கும் கேமரா இன்று என் தோளில் தொங்குகிறது. 2017இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பு நகரங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அந்த நகரத்தின் தனி ஆவர்த்தனங்களை நாம் எங்கே சேர்த்து வைத்திருக்கிறோம்?

என் வீட்டில் மூன்று டிரங்குப் பெட்டி நெகட்டிவும், அலமாரி ஒன்று நிறைய ஹார்ட் டிஸ்க்கும் இருக்கின்றன. கலைஞர்கள் குடும்பத்துக்கும் உங்கள் காப்பகத்துக்கும் அதிலிருந்து பிரதி கொடுக்க நான் காசு கேட்கப்போவதில்லை. எடுத்தவர் பெயர் கீழே இருந்தால் போதும். அவற்றில் பல முகங்களுக்கு எனக்கே பெயர் தெரியாது. பாடகர் பெயரை மட்டும் உறையில் எழுதிவைத்துவிட்டேன். உங்கள் பழைய நிகழ்ச்சி நிரல்களில் பக்கவாத்தியக்காரர்கள் பெயர் தேதிவாரியாக இருக்கும். சீசன் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றை எடுத்துக்கொண்டு யாராவது என் வீட்டுக்கு வாருங்கள். உறையையும் நிரலையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொருவராகப் பெயர் எழுதலாம்.

அன்புடன்,
இடது பக்கக் கதவோரம் நிற்கும் படக்காரன்