ஒலியளவியை ஆற்றுப் பக்கமும் வையுங்கள்

சென்னைத் துறைமுகம் – மதுரவாயல் உயர்மட்டச் சாலைப் பணியின் பொறியாளர்களுக்கும், அப்பணிக்கான இரைச்சல் அளவீட்டைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும்

வணக்கம்.

சேத்துப்பட்டுப் பக்கம் கூவக் கரையோரம் குடியிருப்பவர்களில் நானும் ஒருவன். 2009இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2012இல் நின்றுபோய், 2022 மே மாதம் ஈரடுக்குச் சாலையாக மறுபடியும் அடிக்கல் கண்ட இந்தத் திட்டத்தை எதிர்ப்பதற்காக நான் இந்த மடலை எழுதவில்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்குத் தனிப்பாதை தேவை என்பதில் எனக்கு மறுப்பும் இல்லை. ஆற்றில் பாதியில் நின்ற பழைய தூண்களைப் பார்த்தபடி பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இன்று வேலைக்குப் போகிறார்கள். எடுத்த பணி இந்த முறையாவது முடியட்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். நான் கேட்பது பின்னணி இரைச்சலைப் பற்றி, அதாவது வேலை இல்லாதபோதே ஓர் இடத்தில் இருக்கும் ஒலியைப் பற்றி மட்டும்: அதை மக்கள் உறங்கும் இடத்தில், உறங்கும் நேரத்தில் அளக்க வேண்டும்.

காரணத்தைச் சொல்கிறேன். இந்தப் பாதையின் ஒரு நீண்ட பகுதி கூவத்தை ஒட்டியே செல்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட வீடுகள் பலவற்றுக்கு இரண்டு முகங்கள் உண்டு. முன்வாசல் ஹாரன் ஓயாத தெருவைப் பார்க்கும். படுக்கையறை ஜன்னல் ஆற்றைப் பார்க்கும். கூவத்தின் நாற்றத்தைப் பற்றி உலகமே பேசும். ஆனால் இரவு பதினொரு மணிக்கு மேல் இந்தப் பக்கம் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்பது இங்கே படுத்து எழுபவர்களுக்குத்தான் தெரியும். புதிய தூண்களுக்கு நிலத்தில் அடித்தளம் இறக்கும் பைலிங் இயந்திரம் வந்து நிற்கப்போவதும் இதே பக்கத்தில்தான். ஒலியளவியைத் தெருப்பக்கம் வைத்துப் பின்னணியைக் குறித்துக்கொண்டு, பிறகு ஆற்றுப்பக்கம் வேலை செய்தால், கணக்கு தொடக்கத்திலேயே பிழையாகிவிடும்.

ஓர் உதாரணத்துக்கு, இரவில் தெருப்பக்கம் 60 டெசிபலும் ஆற்றுப்பக்கம் 48 டெசிபலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வேலை நடக்கும்போது ஆற்றுப்பக்க ஜன்னலருகே 62 டெசிபல் பதிவாகிறது. தெருவில் எடுத்த எண்ணோடு ஒப்பிட்டால் கூடியது 2 டெசிபல். காதுக்கு அது தெரியவே தெரியாது என்று அறிக்கையில் எழுதிவிடலாம். அதே ஜன்னலில் முன்பு எடுத்த எண்ணோடு ஒப்பிட்டால் கூடியது 14 டெசிபல். 10 டெசிபல் கூடினாலே காது அதை ஏறத்தாழ இரு மடங்கு உரத்த ஒலியாக உணர்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கருவியில் எந்தக் கோளாறும் இல்லாமலே, அதை நிறுத்திய இடத்தால் மட்டும், ஒரு குடும்பத்தின் தூக்கம் அறிக்கையிலிருந்து காணாமல் போய்விடும்.

இடத்தைப் போலவே எந்த எண்ணை எடுக்கிறோம் என்பதும் முக்கியம். நம் விதிகள் பேசுவது சமான ஒலிமட்டமான எல்-ஈக்யூவை. அது ஆற்றலின் சராசரி. உரத்த ஒலி ஒன்று சிறிது நேரமே வந்துபோனாலும் மொத்தக் கணக்கையும் மேலே இழுத்துவிடும். ஒரு மணி நேரத்தில் 59 நிமிடம் 45 டெசிபலும் ஒரே ஒரு நிமிடம் 85 டெசிபலும் இருந்தால் அந்த மணி நேரத்தின் எல்-ஈக்யூ 67 டெசிபலைத் தாண்டும். ஏர்ஹாரன் அடித்துக்கொண்டு நாலு பேருந்துகள் போனால் போதும், அமைதியான இடத்துக்கும் இரைச்சலான இடம் என்ற பெயர் வந்துவிடும். எனவே எல்-ஈக்யூவோடு எல்-90ஐயும், அதாவது அளந்த நேரத்தின் நூற்றில் தொண்ணூறு பங்கில் ஒலி எந்த மட்டத்துக்குக் குறையாமல் இருந்ததோ அந்த எண்ணையும், மணிவாரியாக வெளியிட வேண்டும். பின்னணி என்ற சொல்லுக்கு நெருங்கி நிற்பது இந்த இரண்டாவது எண்தான்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, வேறோர் ஊரில், வேறொரு சாலை விரிவாக்கத்துக்கான அளவீட்டை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். முற்பகல் பதினொரு மணிக்கு வேனில் வந்தார்கள். வெயில் தாங்காமல் ஒலியளவியைத் தாங்கும் முக்காலியை ஒரு டீக்கடையின் தகரக் கூரைக்குக் கீழே நிறுத்தினார்கள். கடைக்காரர் ரேடியோவைக் குறைக்கவில்லை. குறைக்கும்படி யாரும் சொல்லவுமில்லை. பத்து நிமிடத்தில் அந்த இடத்துக்கான அளவீடு முடிந்தது. அந்த இளைஞர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஒரே நாளில் பன்னிரண்டு இடங்களை முடித்துவிட்டு வா என்று அனுப்பினால் வேறு எப்படி முடிப்பது? ஆனாலும் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலியே சுமார் 3 டெசிபலைக் கூட்டிவிடும். அதனால்தான் ஒலிவாங்கியைத் தரையிலிருந்து ஒன்றேகால், ஒன்றரை மீட்டர் உயரத்திலும் சுவரிலிருந்து மூன்றரை மீட்டராவது தள்ளியும் வைக்கச் சொல்கிறார்கள். காற்றின் ஓசை பதிவாகாமலிருக்க ஒலிவாங்கிக்கு நுரை உறை மாட்டுவதும், அளக்கும் முன்னும் பின்னும் 94 டெசிபல் அளவுத்திருத்தக் கருவியால் சரிபார்ப்பதும் உங்கள் ஆட்களுக்குப் பழகிய வேலைகள். அவை நடந்தன என்பதற்கான குறிப்பு அறிக்கையில் இருந்தால் போதும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். மார்கழியில் விடியற்காலை நாலரை மணிக்கே கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். ஆடியில் கூழ் வார்க்கும் வாரங்களில் இங்குள்ள எந்தச் சந்தும் அமைதியாக இருக்காது. தீபாவளி வாரத்தைச் சொல்லவே வேண்டாம். மே மாதத்தில் பள்ளி வேன்கள் ஓடுவதில்லை என்பதால் எண் வழக்கத்தைவிடக் குறைந்து நிற்கும். மழை பெய்து ஓய்ந்த இரவில் தவளைகளும் பூச்சிகளும் சேர்ந்து எழுப்பும் ஒலியே எல்-90ஐப் பல டெசிபல் உயர்த்திவிடும். மின்வெட்டு நேரத்தில் அடுக்குமாடிகளின் ஜெனரேட்டர்கள் ஓடும். இவற்றில் எதுவும் பொய்யான ஒலி அல்ல; ஆனால் இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்து எங்கள் பகுதியின் இயல்பு என்று எழுதிவிட முடியாது. ஞாயிறும் வேலை நாட்களும் சேர்ந்த, திருவிழாவும் மழையும் இல்லாத ஒரு முழு வாரத்துக்கு, இருபத்துநான்கு மணி நேரமும் கருவி ஓடட்டும்.

ஆற்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீர்ப்பரப்பு ஒலியை உறிஞ்சாது. எதிர்க்கரைக்கு இடையில் மறைப்பாக ஒரு கட்டடமும் கிடையாது. தூரம் இரட்டிப்பானால் ஓர் இயந்திரத்தின் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும் என்பது திறந்த வெளிக்கான கணக்கு. அதன்படி 10 மீட்டரில் 85 டெசிபல் எழுப்பும் இயந்திரம் 40 மீட்டர் தள்ளியுள்ள எதிர்க்கரையிலும் 73 டெசிபல் கேட்கும். பணி இக்கரையில் என்பதற்காக அக்கரையை அளவீட்டிலிருந்து விட்டுவிடாதீர்கள்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதிக்கு 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டால் 50, 40. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. வரம்பை 10 டெசிபல் தாண்டினால் புகார் செய்யலாம் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. நெடுஞ்சாலையைப் பார்த்துவிட்டு எங்கள் பகுதி முழுவதையும் வணிகப் பகுதி என்று எழுதிவிட்டால், 48 டெசிபலில் உறங்கிய ஒருவர் அந்தக் கணக்கில் புகார் சொல்ல 65 டெசிபல் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். குடியிருப்புப் பகுதியிலும் அமைதி மண்டலத்திலும் இரவில் ஒலி எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை இயக்கக் கூடாது என்று 2010இல் சேர்க்கப்பட்ட விதியும் இந்த வகைப்பாட்டைத்தான் நம்பி நிற்கிறது. ஆகையால் எந்தத் தெரு எந்த வகை என்பதையும், அதை யார் முடிவு செய்தார்கள் என்பதையும் அளவீட்டோடு சேர்த்தே வெளியிடுங்கள்.

பணி ஏற்கெனவே தொடங்கிவிட்ட இடங்களில் முந்தைய நிலையை இனி அளக்க வழியில்லை. வேலையாட்கள் ஊருக்குப் போகும் பொங்கல் விடுமுறையில் அளக்கலாமே என்று தோன்றும். அப்போது நகரமே காலியாக இருப்பதால் கிடைக்கும் எண் இயல்பைவிடக் குறைவாகிவிடும், அதை நீங்களே ஏற்கமாட்டீர்கள். ஆற்றோரம் வேலை இன்னும் எட்டாத, வீடுகளின் அமைப்பும் சாலையிலிருந்து தூரமும் ஒத்திருக்கும் இடத்தைத் தேர்ந்து அங்கே அளப்பது இதைவிட நேர்மையான மாற்று. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011 முதல் அமைத்துவரும் இரைச்சல் கண்காணிப்பு நிலையங்கள் சென்னையிலும் உண்டு. நகரின் இரைச்சல் மாதத்துக்கு மாதம் எப்படி ஏறி இறங்குகிறது என்று சரிபார்க்க அவற்றின் பதிவுகள் உதவும். எங்கள் ஜன்னல்களுக்கு அவை பதிலாக மாட்டா.

இந்த எண்கள் உங்களுக்கும் பயன்படும். வேலையோடு சேர்த்து 63 டெசிபலும் வேலை இல்லாதபோது 60 டெசிபலும் பதிவானால், வேலையின் பங்கு 60 மட்டுமே என்று கழித்துக் காட்டலாம்; சம அளவுள்ள இரண்டு ஒலிகள் சேர்ந்தால் டெசிபல் கணக்கில் கூடுவது 3 மட்டுமே. பின்னணி எண் இல்லாவிட்டால் தெருவில் அடிக்கிற ஒவ்வொரு ஹாரனும் உங்கள் கணக்கில்தான் சேரும். வேலைக்காகச் சந்துகளுக்குள் திருப்பிவிடப்படும் வண்டிகளின் இரைச்சலை மட்டும் இப்படிக் கழிக்கக் கூடாது. அது பணியால் வந்தது என்பதால் உங்கள் கணக்கில்தான் நிற்க வேண்டும்.

எங்கள் குடியிருப்பின் ஆற்றுப்பக்க மொட்டைமாடி காலியாகத்தான் கிடக்கிறது. மின் இணைப்பும் பூட்டும் இருப்பதால் கருவியை ஒரு வாரம் பயமில்லாமல் விட்டுவைக்கலாம். மாடிச் சாவி காவலாளியிடம் இருக்கும். முந்தைய நாள் ஒரு வார்த்தை சொல்லியனுப்பினால் துணிக்கொடிகளை அவிழ்த்துவைக்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
கூவக் கரைவாசி ஒருவர்,
சேத்துப்பட்டு, சென்னை.