குமாஸ்தா வேண்டாமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் செயற்கை நுண்ணறிவு பற்றிய கட்டுரையில், "முன்தீர்ப்பு தேட இனி குமாஸ்தாவும் வேண்டாம், நூலகமும் வேண்டாம்" என்று ஒரு வரி. மஞ்சக்குப்பத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். போகிற போக்கில் எங்களுக்குப் பிரிவுபசார விழாவே நடத்திவிட்டீர்கள். மாலை மட்டும்தான் பாக்கி.

என் அக்கா மகன் ஜூனியர் வக்கீல். பாகப்பிரிவினை வழக்கு ஒன்றுக்குக் கைபேசியில் இந்தச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எடுத்து வந்தான்: 2005 செப்டம்பருக்கு முன்பே அப்பா இறந்திருந்தால் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கிடையாதாம். பிரகாஷ் எதிர் பூலவதி, 2015, உச்ச நீதிமன்றம். தீர்ப்பு நிஜம்தான். ஆனால் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அது சரியல்ல என்று தள்ளிவிட்டார்களே, அதைப்பற்றி மூச்சு விடவில்லை. இன்னொன்றுக்கு எம்.எல்.ஜே. (தீர்ப்புகளை வெளியிடும் மெட்ராஸ் லா ஜர்னல்) தொகுதி, பக்கம் எல்லாம் கொடுத்திருந்தது. அலமாரியிலிருந்து எடுத்துப் பிரித்தால் அந்தப் பக்கத்தில் யாருடைய குத்தகைப் பாக்கி வழக்கோ பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. "நம்பரெல்லாம் இருக்கே மாமா" என்றான். இருக்கும், இருக்கும்.

இதை நம்பி இல்லாத தீர்ப்புகளைக் காட்டிய நியூயார்க் வக்கீல்களுக்கு 2023-ல் 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? பெங்களூருவில் வருமான வரித் தீர்ப்பாயம் 2024 டிசம்பரில் போட்ட உத்தரவையே திரும்பப் பெற்றது. அதில் காட்டிய, நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் பெயரிலான தீர்ப்பு ஒன்றும் கிடையவே கிடையாது. உங்களுக்குத் தெரியாததா? கட்டுரையில் இடம் இருந்திருக்காது.

இடம் எப்போதுதான் இருந்தது? 'தானே' புயலில் நனைந்த லா ஜர்னல்களைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்தோம், எழுதினேன், போடவில்லை. அப்புறம் ஒரு கடிதம் போட்டீர்கள், 'கடலூர்' என்பதைக் 'கூடலூர்' ஆக்கி! ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 15,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2024-ல் உயர் நீதிமன்றம் சொன்னதே, எத்தனை பேர் கைக்கு வருகிறது என்று உங்கள் நிருபர் ஒருநாள் விசாரித்ததுண்டா? காசு கட்டித் தேடும் தளங்களுக்குச் சந்தா செலுத்த வழியில்லாத பிள்ளைகள்தான் சும்மா கிடைக்கிறதே என்று இந்தச் செயற்கை நுண்ணறிவில் போய் விழுகிறார்கள்.

சரி, நான் கேட்பது சின்ன விஷயம். உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியிலிருந்து ஈ-எஸ்.சி.ஆர். தளத்தில் தீர்ப்புகளை இலவசமாகவே வைத்திருக்கிறது. அதன் முகவரியை அதே ஞாயிறு இணைப்பில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். நாலு வரி போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
மஞ்சக்குப்பம், கடலூர்.