டைக்ஸ்ட்ராவின் பேனா

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கணினி முன்னோடிகள் வரிசையில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 1930இல் ராட்டர்டாமில் பிறந்தது, லைடனில் இயற்பியல் படித்தது, 1972இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது பெற்றது, 1984இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனது எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் கணினியை ஒதுக்கிவிட்டு அவர் பேனாவால் எழுதிவந்ததை ‘விநோதப் பழக்கம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது மனத்துக்குச் சங்கடமாக இருந்தது. இரண்டு ஊர்களுக்கிடையே மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் அவருடைய அல்காரிதத்தை (படிப்படியான கணக்கீட்டு முறையை) பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறேன். அந்தப் பழக்கத்தைத் தனியே பிரித்து வைத்தால் அவருடைய ஆய்வே பிடிபடாது.

அந்த அல்காரிதம் பிறந்த விதத்தையே பாருங்கள். 1956இல், மணம் பேசியிருந்த பெண்ணோடு ஆம்ஸ்டர்டாம் கடைத்தெருவில் அலைந்து களைத்து, ஒரு காபிக் கடையின் வெளிப்புறத்தில் உட்கார்ந்திருக்கிறார். அங்கேயே இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் மனத்துக்குள் அமைத்துவிட்டார். அர்மாக் என்ற புதிய கணினியைப் பொதுமக்களுக்கு இயக்கிக் காட்ட, நெதர்லாந்தின் 64 ஊர்களில் எந்த இரண்டுக்கும் இடையே மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கையில் காகிதமோ பென்சிலோ இல்லாததால் தவிர்க்கக்கூடிய சிக்கலையெல்லாம் தவிர்த்தே ஆகவேண்டியிருந்தது, அல்காரிதம் அழகாக அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1959இல் அச்சானபோது கட்டுரை மூன்றே பக்கம்.

என் மாணவர்கள் அதை நிரலாக எழுதிவிடுகிறார்கள். ‘இன்னும் முடிவு செய்யாத ஊர்களில், புறப்பட்ட இடத்திலிருந்து இருப்பதிலேயே குறைந்த தூரமுள்ள ஊரை எடுத்து, அந்தத் தூரமே இறுதி என்று முடிவு செய்துவிடுகிறோமே, வேறு வழியாகச் சுற்றி வந்தால் அந்தத் தூரம் இன்னும் குறையாது என்பது எப்படித் தெரியும்?’ என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். எந்தச் சாலையின் நீளமும் பூச்சியத்துக்குக் கீழே போகாது. சுற்றி வருகிற வழியோ, அதே அளவோ அதைவிட அதிகமோ தூரமுள்ள வேறோர் ஊரைக் கடந்துதான் வர வேண்டும். அதனால் அது குறையவே முடியாது. இது நிரலை ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வதல்ல, யோசித்து நிறுவுவது. டைக்ஸ்ட்ரா வாழ்நாள் முழுக்க வற்புறுத்தியது இதைத்தான். நிரல் சரி என்பதை எழுதும்போதே நிறுவ வேண்டும் என்றவருக்கு, அடித்துத் திருத்தாமல் நிதானமாக எழுதவைக்கும் மைப்பேனாவைவிடப் பொருத்தமான கருவி ஏது?

அப்படி எழுதியவை 1,300க்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் தம் பெயரின் முதலெழுத்துகளோடு ஓர் எண் இட்டு, படியெடுத்துச் சிலருக்கு அஞ்சலில் அனுப்புவார். அவர்கள் மறுபடி படியெடுத்துப் பிறருக்குக் கொடுப்பார்கள். அவருடைய கருத்துகள் பெருமளவு பரவியது இப்படித்தான். நிரலின் ஓரிடத்திலிருந்து வேறோர் இடத்துக்குத் தாவச் சொல்லும் ‘கோ டூ’ கட்டளையை எதிர்த்து 1968இல் அவர் எழுதி, துறையையே உலுக்கிய குறிப்பும் ஓர் இதழில் ஆசிரியருக்குக் கடிதமாகத்தான் வெளிவந்தது. இதைக் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.

1957இல் திருமணப் பதிவில் தொழில் ‘புரோகிராமர்’ என்று அவர் எழுதியதை, அப்படியொரு தொழிலே கிடையாது என்று அதிகாரிகள் ஏற்கவில்லை. ‘கோட்பாட்டு இயற்பியலாளர்’ என்று மாற்றி எழுதினார். தொழிலாகவே மதிக்கப்படாத ஒன்றைக் கணிதத்தின் கண்டிப்போடு நிமிர்த்தி நிறுத்தியவர் அவர். பியானோவில் அமர்ந்து மோட்சார்ட் வாசித்ததும், ‘டூரிங் மெஷின்’ என்று பெயரிட்ட ஃபோக்ஸ்வேகன் வண்டியில் மனைவியோடு மாநில, தேசியப் பூங்காக்களைச் சுற்றியதும் அதே மனிதர்தான்.

அந்தக் கையெழுத்துப் பிரதிகளை டெக்சஸ் பல்கலைக்கழகம் எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. அடுத்த இதழில் அவற்றில் ஒன்றைப் பற்றியாவது எழுதச் செய்யுங்கள்.

அன்புடன்,
கணினி அறிவியல் ஆசிரியை ஒருவர்