உன் செடி விஷயமாக ஒரு வாக்குமூலம்

நங்கநல்லூர்,
செப்டம்பர் 6

அன்புள்ள குண்டூசி,

இங்கே நலம். அங்கே நலம் என்பதை உன் மருமகள் போடும் ஸ்டேட்டஸில் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு மாதமாக உன் போனை எடுக்காமல் "அப்புறம் கூப்பிடுகிறேன்" என்று மெசேஜ் போட்டே தப்பித்ததற்கு, ஹாஸ்டல் வார்டனிடம் சொன்ன பழைய சாக்குகளெல்லாம் கைவசம் இருக்கின்றன. எதுவும் வேண்டாம், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஜூலையில், என்னிடம் இருக்கும் உன் செடியைப் பற்றி "பீஸ் லில்லி எப்படி இருக்கிறது?" என்று கேட்டாயே, மூன்று வெள்ளைப் பூவோடு ஒரு போட்டோ அனுப்பினேனே, அது மார்ச்சில் எடுத்தது. நீ வரிசையாக இதயம் இதயமாகப் பதில் போட்டாய். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்த நேரத்தில் செடி பின்பக்க பால்கனியில் நாற்றமெடுத்துக் கிடந்தது.

திட்டுவதற்கு முன் முழுக்கப் படித்துவிடு. செடி சாகவில்லை.

மே 31 அன்று இவர் ரிட்டயர் ஆனார். மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம் எல்லாம் ஆயிற்று. மறுநாளிலிருந்து வீட்டில் எனக்கு ஒரு சூப்பர்வைசர். பருப்பு டப்பாவில் லேபிள், கேஸ் சிலிண்டருக்குத் தேதி, மாடிப்படிக்கு நோட்டம். இந்த உத்தியோகத்தில் தண்ணீர் ஊற்றுவதும் சேர்ந்துவிட்டதென்று எனக்குத் தெரியாது. காலையில் நான் ஒரு சொம்பு, சாயங்காலம் அவர் ஒரு சொம்பு. அந்தச் செடியின் நடிப்புதான் உனக்குத் தெரியுமே. ஒரு வேளை வறண்டால் கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி எல்லா இலையையும் தொங்கப் போட்டுவிடும். ஊற்றினால் சில மணி நேரத்தில் எதுவும் நடக்காதது போல நிமிர்ந்துவிடும். ஜூன் கடைசியில் அப்படித் தொங்கியது. ஊற்றினேன். நிமிரவில்லை. இன்னும் ஊற்றினேன். போதாததற்கு அழகாக இருக்கட்டும் என்று ஒரு பீங்கான் ஜாடிக்குள் தொட்டியோடு இறக்கி வைத்திருந்தேன். அந்த ஜாடிக்கு அடியில் ஓட்டை கிடையாது. இந்த வேலையை எல்லாம் செய்துவிட்டு "கோடை வெயில் தாங்கவில்லை" என்று வெயிலின் மேல் பழி வேறு.

கடைசியில் நர்சரிக்காரரிடம் ஓடினேன். இலையைக்கூடப் பார்க்கவில்லை மனிதர். "தண்ணி பத்தலைன்னாலும் தொங்கும், அதிகமானாலும் தொங்கும்மா. தொட்டியைத் தூக்கிப் பார்த்தீங்களா?" என்றார். தூக்கினேன். அரிசிச் சிப்பம் மாதிரி கனத்தது. ஜாடிக்குள் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றிருந்தது. அந்த நாற்றத்தைச் சொல்லி மாளாது, அடைத்துக்கொண்ட சாக்கடையைக் குத்திவிட்டால் வருமே, அதுதான். வேர்கள் குழைந்த சேமியா மாதிரி இருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் சாக்ஸ் போலக் கழன்று கையோடு வந்தது, உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது. நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்குமாம். எண்ணிப் பார்த்தேன், தேறியது பதினொன்று.

மண்ணை உதறும்போதுதான் அது கிடைத்தது. வெள்ளை பிளாஸ்டிக் மூடியில் வெட்டிய ஒரு துண்டு. அதில் பென்சிலால் "மண் மாற்றியது 14.6.22" என்று அண்ணனின், உன் வீட்டுக்காரரின், எழுத்து. பேனா மை தண்ணீரில் போய்விடும், பென்சில் நிற்கும் என்று அவர் யோசித்திருக்கிறார் பார். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பால்கனியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இவர் வந்து எட்டிப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கத்தரிக்கோலை டெட்டால் போட்டுத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

அதற்கப்புறம் ஆபரேஷன். அழுகியதையெல்லாம் வெட்டினோம். மூன்று கன்றில் ஒன்று போய்விட்டது, மன்னித்துவிடு. மிச்ச வேருக்குப் பாரமாக இருக்கும் என்று பழுத்த இலைகளையும் எடுத்தோம். தேங்காய் நார்த்தூள், ஆற்று மணல், கொஞ்சம் மண்புழு உரம், உடைத்த அடுப்புக்கரி, இவ்வளவுதான் புது மண். தொட்டியும் சின்னது. பெரிய தொட்டியில் வைத்தால் வேர் குடிக்காத ஈரம் தேங்கி மறுபடி இதே கதையாம். ஒரு முறை நன்றாக ஊற்றி வடியவிட்டு, வடக்கு ஜன்னலோரம் வைத்தோம். வெளிச்சம் வரும், வெயில் விழாது. அப்புறம் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். அதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் கஷ்டமாக இருந்தது. சுட்டுவிரலை இரண்டு கணு வரை மண்ணில் விட்டு, காய்ந்திருந்தால்தான் தண்ணீர். அதுவும் ஒருவர்தான். காலண்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊற்ற வேண்டும் என்று சூப்பர்வைசரின் உத்தரவு. இலை நுனி கருகியதற்கு எங்கள் போர் தண்ணீரின் உப்புதான் காரணமாம், மண்ணின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. இப்போது ஏசியில் சொட்டுவதைப் பக்கெட்டில் பிடித்து ஊற்றுகிறோம்.

இவர் இப்போது செடிப் பண்டிதர். இது லில்லியே இல்லையாம், நம் சேம்பு, சேனை, மணி பிளாண்ட் எல்லாம் பங்காளிகளாம். பூ என்று நாம் கொண்டாடும் அந்த வெள்ளை, தென்னைக்கு இருப்பது போல ஒரு பாளைதானாம். நடுவில் நிற்கும் குச்சியில் பொரிப் பொரியாக இருப்பதுதான் நிஜப் பூ. காற்றைச் சுத்தம் செய்யும் என்று நாசா சொல்லியிருக்கிறது என்றும் ஆரம்பித்தார். 1989-இல் மூடிய பெட்டிக்குள் வைத்துப் பார்த்த சோதனையாம் அது. நம் ஹாலில் நாலு ஜன்னலும் திறந்து, எதிர்வீட்டு வத்தல் குழம்பு வரைக்கும் உள்ளே வருகிறது, ஒரு தொட்டி என்ன செய்யும் என்று கேட்டதும் பேப்பரை விரித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 19 அன்று முதல் இலை எட்டிப் பார்த்தது. பீடா சுருட்டியது போல இறுக்கமாக, வெளிர்ப்பச்சையாக. விரிய ஒரு வாரம் ஆனது. இப்போது இரண்டாவதும் வந்துவிட்டது. பூவை மட்டும் இப்போதைக்கு எதிர்பார்க்காதே. முதலில் வேர் பிடிக்கட்டும்.

இன்றைய போட்டோ அனுப்புகிறேன், பக்கத்தில் இன்றைய தினமணியை வைத்து எடுத்திருக்கிறேன், நம்பு. அந்த பிளாஸ்டிக் துண்டைக் கழுவிப் பழைய இடத்திலேயே செருகிவிட்டேன். பின்பக்கத்தில் புதுத் தேதி எழுதலாமா என்று இவர் கேட்டார். உன்னைக் கேட்காமல் எழுத மனம் வரவில்லை.

தை மாதம் வருவாயல்லவா? இரண்டு கன்றில் ஒன்றை அங்கே கொண்டுபோ. உன் பேரன் கைக்கு எட்டாத இடமாகப் பார்த்து வை, இலையைக் கடித்தால் பச்சைச் சேனையைக் கடித்தது போல வாய் அரித்துக் கத்திவிடுவான். ரயிலா காரா என்று மட்டும் முன்னாடியே சொல்லு, அதற்குத் தகுந்த தொட்டியில் வைக்க வேண்டும்.

உன்,
ஏழாம் நம்பர் அறை