இரவை வாடகைக்கு விடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் விடுதிகளும் ஹோட்டல்களும் நடத்துவோருக்கு,

வணக்கம்.

நான் ஆரையம்பதியில் பிறந்தவன். வேலை வவுனியாவில் அமைந்துவிட்டது. அம்மா இருந்தவரை ஊருக்கு வந்தால் எங்கள் வீட்டு விறாந்தையில் பாயை விரித்துப் படுப்பேன். அவர் போன பிறகு வீடும் கைமாறிப் போயிற்று. ஆசிரியர் பயிற்சிப் பட்டறைகளுக்காக மாதத்தில் மூன்று நான்கு இரவுகள் இன்றும் இந்தக் கரைக்கு வருகிறேன், ஆனால் விருந்தாளியாக. மட்டக்களப்பு நகரிலும் களுவாஞ்சிக்குடியிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் பொத்துவிலிலும் உங்கள் அறைகளில் படுத்து எழும்பியவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

அறைக்கென்று நீங்கள் வாங்கும் காசு, உண்மையில் நித்திரைக்கு நாங்கள் கொடுக்கும் காசு. முன்வாசல் பூச்செடிகளும் வரவேற்பறைத் தரையின் பளபளப்பும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் விளக்கை அணைத்த பிறகு அவற்றை யாரும் பார்ப்பதில்லை. அந்த நேரத்திலிருந்து விடியும்வரை அறை எப்படி நடந்துகொள்கிறது என்பதை உங்களில் அதிகம் பேர் அறிந்ததில்லை என்பதே என் முறைப்பாடு. அறியாததற்குக் காரணமும் எளிது: நீங்கள் அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் நித்திரை.

புதிய இடத்தில் முதல் இரவு கண் சரியாக மூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அமெரிக்காவின் பிரவுண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016 இல் அதன் காரணத்தை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழக்கமில்லாத அறையில் முதல் நாள் ஆழ்ந்த நித்திரையின்போதும் மூளையின் இடப்பாதி வலப்பாதியைவிடக் குறைவாகவே ஓய்கிறது. வழமைக்கு மாறான ஒலி ஒன்று கேட்டால் அது சட்டென்று ஆளை எழுப்பிவிடுகிறது. இன்னொரு நாள் அதே இடத்தில் படுக்கும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. உங்களிடம் ஓரிரவோ இரண்டிரவோ தங்கிப் போகிறவர்கள்தானே அதிகம்? அப்படியானால் உங்கள் கட்டில்களில் படுப்போரில் பெரும்பாலானோர் பாதி மூளையைக் காவலுக்கு வைத்துவிட்டுப் படுப்பவர்கள். வீட்டில் இடி இடித்தாலும் புரண்டு படுக்கிற மனிதர், உங்கள் அறையில் ஒரு தாழ்ப்பாள் சத்தத்துக்கு எழும்பி உட்காருவது இதனால்தான்.

போன வருடம் கச்சான் என்ற வறண்ட வெக்கைக் காற்று வீசும் காலத்தில் ஒரு விடுதியில் தங்கினேன்; பெயர் வேண்டாம். கிடைத்தது பின்பக்க அறை. யன்னலுக்கு நேர் கீழே தண்ணீர் மோட்டர் இருந்தது; மேல் தாங்கியில் தண்ணீர் குறைந்தால் தானாக ஓடத் தொடங்கும் ஏற்பாடு. கட்டிலின் தலைமாட்டுப் பலகை நடுங்கியதில் விழித்தபோது மணி இரண்டரை. கையை வைத்துப் பார்த்தேன், சுவரும் அதிர்ந்தது. தாங்கி நிறைந்து மோட்டர் நின்றது; அரை மணித்தியாலத்தில் மறுபடி தொடங்கியது. எந்த அறையிலோ ஒரு பைப் ஒழுகிக்கொண்டிருந்திருக்க வேண்டும். விடியும்வரை ஐந்து தடவை எண்ணினேன். காலையில் கவுண்டரில் இருந்த தம்பியிடம் சொன்னபோது, "அது ஓட்டோமெற்றிக் சேர், நாம ஒண்டும் செய்யேலாது" என்றார். அவரில் பிழையில்லை. ஆனால் செய்யலாம்: இரவு பத்து மணிக்கு முன் தாங்கியை நிரப்பிவிட்டு, காலை ஐந்தரை வரை மோட்டரை ஒரு ரைமர் சுவிட்சால் நிறுத்தி வைக்கலாம், மோட்டருக்கு அடியில் தடித்த றப்பர் விரிப்பைப் போட்டால் அதிர்வு சுவர் ஏறுவது குறையும், ஒழுகும் பைப்பின் வாசரை மாற்றலாம். இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு உங்கள் வாசல் பெயர்ப்பலகையின் செலவுக்குக் கிட்டவும் வராது.

கதவுகளும் அப்படியே. மாபிள் பதித்த நீண்ட நடைபாதையின் ஒரு முனையில் கதவை அறைந்து சாத்தினால் மறுமுனை அறைவரை கேட்கும். காலை நான்கு மணிக்குப் புறப்படுபவர் வேண்டுமென்று அறைவதில்லை. யன்னல் வழியே வரும் காற்றுத்தான் கதவை இழுத்துச் சாத்துகிறது. பழைய சைக்கிள் ரியூபை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டிக் கதவு நிலையில் மூன்று இடத்தில் ஒட்டிவிட்டால் அந்தச் சத்தம் பாதியாகிவிடும். பொத்துவிலில் ஒரு சிறிய விடுதியில் இதைக் கண்டேன். அங்கே அறை சாதாரணம், நித்திரை அருமை. படுக்கையறைக்குள் தொடர்ந்து இருக்கும் ஒலி 30 டெசிபெலையும், இடையிடையே எழும் தனி ஒலி 45 டெசிபெலையும் தாண்டாதிருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 1999 இலேயே வழிகாட்டியிருக்கிறது. முப்பது என்பது ஒருவர் குசுகுசுக்கும் அளவு.

கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கு, தேவாலய மணி ஆகியவற்றைப் பற்றி நான் முறையிடவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவை இந்த ஊர்களின் நேரம். அவற்றைக் கேட்டு வளர்ந்தவன் நான். வெளியூரிலிருந்து வருபவருக்கு மட்டும் அறைச் சாவியைக் கொடுக்கும்போது, விடியற்புறம் இன்ன நேரத்தில் இன்ன ஒலி கேட்கும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எதிர்பார்த்த ஒலி திடுக்கிட வைக்காது. நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் துடுப்பின் ஒரு முனையை வாவி நீரில் இறக்கி மறுமுனையைக் காதில் வைத்து மீன் பாடுவதைக் கேட்ட ஊர் இது. மட்டக்களப்பின் பட்டப்பெயரான மீன்பாடும் தேன்நாடு என்பதைப் பலகையில் எழுதி வைத்துவிட்டு, இரவு பதினொரு மணிக்கு முற்றத்து ஒலிபெருக்கியைக் கூட்டி வைக்கிற விடுதியைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அறுகம்பேயில் அலைச்சறுக்கலுக்கு வருகிறவர்களிலும் பலர் விடியற்காலை அலைக்காகவே வருகிறவர்கள்.

அடுத்தது வெளிச்சம். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட இந்தத் தரைக்கு நம் முன்னோர் எழுவான்கரை என்று பெயர் வைத்தார்கள். சூரியன் எழுவது நேரே நம் யன்னலில். அந்த யன்னலுக்கு நீங்கள் தொங்கவிடுவதோ மெல்லிய வெள்ளைத் துணி. ஆறு மணிக்கெல்லாம் அறை பட்டப்பகல். தடித்த நிறத்துணியைப் பின்புறமாகச் சேர்த்துத் தைத்தால் போதும். உள்ளே இருக்கும் விளக்குகளையும் பாருங்கள். பெரும்பாலான அறைகளில் உள்ளது வெள்ளை வெளிச்சம் கொட்டும் ஒற்றை மின்குமிழ். அதன் சுவிட்ச் கதவருகே. நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம், உடலை நித்திரைக்கு ஆயத்தப்படுத்தும் மெலடோனின் சுரப்பை இரவில் தடுக்கிறது. அதை அணைத்துவிட்டு இருட்டில் தடவி வந்து கட்டில் காலில் முழங்காலை இடித்துக்கொள்வது தனிக் கதை. தலைமாட்டில் கை எட்டும் தூரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு வையுங்கள். ஏ.சி. பெட்டியின் பச்சைப் புள்ளி வெளிச்சத்தை மறைக்க நான் பையில் எப்போதும் பிளாஸ்ரர் கொண்டு திரிகிறேன். கதவின் கீழ் இடுக்கால் வரும் நடைபாதை வெளிச்சத்துக்கு உங்கள் துவாயைத்தான் சுருட்டி வைக்கிறேன். துவாய் அழுக்காகிறது என்று உங்கள் ஆட்கள் குறைப்பட்டால், குற்றவாளி நானே.

வெக்கையைப் பற்றி உங்களுக்கு நான் படிப்பிக்க வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக் காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, கீழிறங்கும்போது வறண்டு சூடேறி நம்மிடம் கச்சானாக வந்து சேர்கிறது. பகல் முழுதும் வெயில் குடித்த கொங்கிறீற் தட்டு, இரவு முழுதும் அதைக் கீழே உமிழ்கிறது. அந்த மாதங்களில் மேல்மாடி மேற்கு அறைகளைக் கடைசியாகக் கொடுங்கள். தட்டின் மேல் கிடுகு வேய்ந்து ஒரு நிழல் போட்டாலும் வித்தியாசம் தெரியும். இதற்கு மறுபக்கமும் உண்டு. வியர்த்து வந்தவர் றிமோட்டை 18 இல் வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறார். நித்திரையில் உடலின் உட்சூடு தானாகவே ஏறத்தாழ ஒரு பாகை இறங்கும். விடியற்புறம் அது மிகத் தாழ்ந்திருக்கும். கனவு காணும் கட்டத்தில் உடல் தன் சூட்டைச் சரிசெய்யும் வேலையையும் பெரிதும் விட்டுவிடுகிறது. ஆகவே நான்கு மணிக்கு அவர் விறைத்துப்போய் எழும்புகிறார். போர்த்துக்கொள்ள இருப்பதோ ஒற்றை விரிப்பு. ஏ.சி.யை 26 இல் வைத்து மின்விசிறியையும் மெல்லச் சுழலவிடும்படி ஒரு சிறு குறிப்பை றிமோட்டின் பின்னால் ஒட்டி, அலுமாரியில் ஒரு தடித்த போர்வையை மடித்து வையுங்கள். மின்சாரக் கட்டணத்திலும் உங்களுக்கே இலாபம்.

நுளம்பைப் பற்றிச் சுருக்கமாக. இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று 2016 இல் சான்றிதழ் கிடைத்தது உண்மைதான். ஆனால் நுளம்பு ஊரை விட்டுப் போகவில்லை, டெங்கும் போகவில்லை. ஓட்டை விழுந்த வலையும், பூட்டிய அறைக்குள் நுளம்புச் சுருள் புகையும் வேண்டாம். யன்னலுக்குக் கம்பிவலை அடியுங்கள், காற்றும் வரும்.

இன்னொன்று, கொழும்பு இரவு பஸ்கள். அவை விடியுமுன்னரே ஆட்களை இறக்கிவிடுகின்றன. உங்கள் அறையோ பகல் இரண்டு மணிக்குத்தான். பஸ்ஸில் கழுத்து ஒடிய இருந்து வந்த வயதானவர்கள், பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு உங்கள் வரவேற்பறை நாற்காலிகளில் எட்டு மணித்தியாலம் தூங்கி வழிவதைக் கண்டிருக்கிறேன். அறை பதியும்போதே "எத்தனை மணிக்கு வந்து சேருவீர்கள்?" என்று கேளுங்கள். முதல் நாள் காலியாகக் கிடந்த அறை இருந்தால், பாதி வாடகை வாங்கிக்கொண்டு திறந்துவிடுங்கள். சந்தோஷமாகவே தருவோம்.

கடைசியாக ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் விடுதியின் ஒவ்வோர் அறையிலும் ஓர் இரவு நீங்களே படுத்துப் பாருங்கள். ஆட்களிடம் முன்கூட்டிச் சொல்லாமல், வாடகைக்கு வந்தவர்போல, உங்கள் தலையணையில், உங்கள் விரிப்பில், கதவைப் பூட்டிக்கொண்டு விடியும்வரை. பத்து அறை இருந்தால் பத்து இரவு. பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனையும் இருக்கட்டும். எத்தனை மணிக்கு எதனால் விழித்தீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். இந்த மடலில் நான் எழுதாமல் விட்டவை அந்தக் கொப்பியில் இருக்கும்.

அடுத்த மாதம் இரண்டாவது கிழமை களுவாஞ்சிக்குடியில் எனக்கு மூன்று நாள் வேலை. வாவி தெரியும் அறை வேண்டாம். மோட்டருக்குத் தூரமான அறையாக ஒன்று தாருங்கள், அதற்குக் கூடுதலாகக் கேட்டாலும் தருகிறேன்.

இப்படிக்கு,
மாதம் தவறாமல் வரும் ஒரு விருந்தாளி