முன் பிறேக்கையும் பழக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் மோட்டார் சைக்கிள் விபத்தென்றால் வேகம்தான் காரணம் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். வேகம் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏ9 வீதியில் இருட்டுக்குள் மாடு படுத்திருந்தால் எப்படி நிறுத்துவது என்று எங்கள் பெடியளுக்கு யார் பழக்கினார்கள்?

லைசன் எடுக்க எட்டுப் போடப் பழகுகிறோம். அது மெதுவாகத் திருப்புவதற்கான பயிற்சி. 60 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவர் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் கடந்துவிடுவார். பிறேக்கில் கை வைப்பதற்குள் அவ்வளவு தூரமும் போய்விடும். 30இல் போகும்போது பிறேக் பிடித்து நிற்க எடுக்கும் தூரம் 60இல் நான்கு மடங்காகும்.

'முன் பிறேக்கைத் தொடாதே, தலைகுப்புற விழுத்தும்' என்று ஊரில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதனால் அவசரத்தில் எல்லோரும் பின் பிறேக்கை மட்டும் மிதிக்கிறார்கள். பின் சில்லு இறுகி, வண்டி இழுபட்டுச் சரிகிறது. உண்மையில் பிறேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குப் போவதால் முன் சில்லுக்குத்தான் பிடிமானம் கூடும். விழுத்துவது, வெடுக்கென்று இறுக்கிப் பிடிப்பது. முதலில் மெல்லப் பிடித்து, பாரம் முன்னுக்கு வந்த பிறகு அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். கிரவலிலும் வீதியில் காயப்போட்ட நெல்லிலும் கதை வேறு. அங்கே வேகத்தை முன்கூட்டியே குறைத்து, வண்டியைச் சரிக்காமல் நேராகப் போவதே வழி.

இதைக் கை பழகச் செய்ய வேண்டும். வெறுமையான தார்த் தரையில் 20 கிலோமீற்றர் வேகத்தில் தொடங்கி, பிறகு 30, 40 என்று கூட்டலாம். பின்னால் ஆள் இருக்கும்போது வண்டி நிற்கும் விதமே மாறும், அதையும் பழக வேண்டும். ஹெல்மெட்டைக் கண்ணாடியில் கொழுவிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பற்றி எழுதப்போனால் கடிதம் நீண்டுவிடும்.

பிரதேச சபைகள் ஞாயிறு காலையில் சந்தை வாகனத் தரிப்பிடங்களை இதற்குத் தரலாம். சாரதிப் பயிற்சி நிலையங்களும் போக்குவரத்துப் பொலிசாரும் சேர்ந்து பழக்கலாம். தூரத்துப் பாடசாலைகளுக்கு ஸ்கூட்டியில் போய்வரும் ஆசிரியைகளுக்குத் தனி வகுப்பு வைத்தால் நல்லது. மாரி தொடங்க முன்னரே செய்யுங்கள். முதல் பாடத்தை ஈர வீதியில் நடத்த முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஒட்டுசுட்டான்.