டொங்கிளுடன் ஒரு தாள் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உப்புவெளியில் சின்னதாக ஒரு போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஒழுங்கைக்கு வயர் இணைப்பு இல்லை. ஆகவே வைஃபை ரவுட்டரில் செருகுவதற்குப் புதிதாக ஒரு 4ஜி டொங்கிள் (சிம் போட்டு இணையம் எடுக்கும் சின்னக் கருவி) வாங்கினேன். விளக்கு எரிகிறது, இணையம் மட்டும் இல்லை. விற்றவர் "சிம்மில் பிழை" என்றார். சிம் தந்தவர்கள் "ரவுட்டரில் பிழை" என்றார்கள். மூன்று நாள் அலைச்சல், ஓட்டோக் காசு வேறு.

பக்கத்து வீட்டுத் தம்பிதான் கண்டுபிடித்தான். இப்படியான டொங்கிள்கள் பல, செருகியதும் முதலில் தம்மை ஒரு சீடி போலத்தான் காட்டிக்கொள்ளுமாம். உள்ளே கணினிக்கான மென்பொருள் இருக்கும். அதைக் கொண்டு கணினி டொங்கிளை இணைய மோடமாக மாற்றிக்கொள்ளும். என் ரவுட்டருக்கு அந்த வித்தை தெரியவில்லை. ரவுட்டரின் ஃபேர்ம்வெயாரை, அதாவது அதன் உள் மென்பொருளை, புதுப்பித்தோம். அப்புறம் சிம்மின் இரகசிய இலக்கப் (PIN) பூட்டை எடுத்துவிட்டு, ஏபிஎன் பெயரை (சிம் நிறுவனத்தின் இணைய வாசலின் பெயர்) எழுத்துப் பிசகாமல் அடித்தோம். வந்தது! ஆனால் அரை மணிக்கொருதரம் அறுந்தது. ரவுட்டர் கொடுக்கும் மின்சாரம் டொங்கிளுக்குப் போதவில்லை. தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப் (பல செருகுவாய் உள்ள இணைப்புப் பெட்டி) ஒன்றை இடையில் போட்டதும் சரி.

எந்த ரவுட்டருக்குப் பொருந்தும், ஏபிஎன் என்ன என்று தமிழில் ஒரு தாளைப் பெட்டிக்குள் வைத்தால் என்ன? தம்பி கம்பஸ் கிடைத்துப் பேராதனைக்குப் போய்விட்டால் நான் யாரைக் கூப்பிடுவது?

வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.